தென்னைக்கு வாளிப் பொறி: சிவப்புக் கூன்வண்டோடு பட்ட பாடு

இந்த வருடம் எங்கள் தோப்பில் ஒரு தென்னம்பிள்ளைகூடக் கொண்டை சாயவில்லை. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அப்படிச் சொல்ல முடியவில்லை. வாளிப் பொறி வைத்துச் சிவப்புக் கூன்வண்டைக் கட்டுக்குள் கொண்டுவந்த விவரத்தை, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவுக்குப் பிறகு கன்று வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் வைத்த கன்றெல்லாம் இப்போது இந்த வண்டுக்கு வாகான வயதில்தான் நிற்கின்றன.

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் நாலு ஏக்கரில் வாய்க்கால் ஓரத்து வயசான மரங்கள் கொஞ்சம் தப்பின, மற்றதெல்லாம் படுத்துவிட்டது. விழுந்த மரத்தை அறுக்க ஆளும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் பல தோப்புகளில் தண்டுகள் கிடந்த இடத்திலேயே மட்கின. மட்கிய தென்னந்தண்டும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம். அந்த வண்டு இரவில் பறந்து வந்து இளங்குருத்தைத் துளைக்கும். மரத்தை அது நேரடியாகக் கொல்வது குறைவு. ஆனால் அது போட்ட ஓட்டையின் வாசத்துக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. அது உள்ளே முட்டை வைத்துவிட்டால் அப்புறம் மரம் பிழைப்பது கஷ்டம். 5 வயதுக்கு மேல் 20 வயதுக்குள் இருக்கிற மரத்தில்தான் இதன் தாக்குதல் அதிகம். 2019இல் நாங்கள் வைத்த நெட்டைக் கன்றுகள் சரியாக அந்த வயதுக்குள் நுழைந்தபோது தொல்லை ஆரம்பித்தது.

முதலில் போன மரத்தில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நடுவில் இருக்கிற ஓலைகள் மட்டும் மஞ்சளடித்த மாதிரி இருந்தன. உரக்குறைவு என்று நினைத்து பொட்டாஷ் வைத்தோம். தூருக்கு மேலே மூன்றடி உயரத்தில் ஒரு பொத்தல், அதிலிருந்து காப்பி நிறத்தில் கசிவு, கூடவே சவைத்துத் துப்பின மாதிரி நார். அதைப் பார்த்த பிறகுதான் மரத்தில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே கறுக் கறுக் என்று மெல்லுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. சில வாரத்தில் கொண்டை சாய்ந்தது.

அந்த மரத்தை வெட்டிக் கோடாலியால் பிளந்து பார்த்ததுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். கால் இல்லாத, பழுப்புத் தலையோடு கொழுத்த வெள்ளைப் புழுக்கள், ஒரே தண்டுக்குள் எல்லா அளவிலும் இருந்தன. தென்னை நாரையே சுற்றிச் சுற்றி விரல் நீளத்துக்குக் கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுக்கள். சில கூடுகள் காலி, அதிலிருந்த வண்டு ஏற்கெனவே பறந்துவிட்டது. ஒரு மரம் சாயும்போது அது சுற்றியுள்ள மரங்களுக்கு வண்டு அனுப்பி முடித்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சாய்ந்த மரத்தை அப்படியே வரப்பில் உருட்டிவிடக் கூடாது. துண்டு போட்டு, பிளந்து, புழுவை எடுத்து அழித்து, மிச்சத்தை எரித்துவிட வேண்டும்.

சரி, பொறிக்கு வருகிறேன்.

முதல் பொறி கடையில் வாங்கியது. மஞ்சள் பிளாஸ்டிக் வாளி, மூடிக்கு அடியில் லூர், அதாவது வண்டை இழுக்கிற வாசனை மருந்து, தொங்கும். எல்லாம் சேர்த்து 450 ரூபாய். கடையில் சொன்னபடி தோப்பின் நடுவில், இளந்தென்னை ஒன்றிலேயே ஆணியடித்து மாட்டினோம். உள்ளே வெறும் தண்ணீர். முதல் வாரம் இரண்டு மூன்று வண்டு விழுந்தது. அதன் பிறகு கோடை வெயிலில் தண்ணீர் வற்றியது, யாரும் பார்க்கவில்லை. பொறி மாட்டிய மரத்திலும் அதற்கு அடுத்த மரத்திலும் கசிவு வந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லூரில் இருப்பது ஆண் வண்டு விடுகிற வாசனை. அதற்கு ஆணும் பெண்ணும் இரண்டுமே வரும். வருகிற வண்டு எல்லாம் நேராக வாளிக்குள் விழுந்துவிடுவதில்லை. பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து, நடந்து, தேடித்தான் உள்ளே போகும். போகிற வழியில் காயத்தோடு ஒரு இளமரம் இருந்தால், அது ஆணியடித்த காயமாக இருந்தாலும் சரி, வண்டுக்கு அதுவே போதும். உள்ளே தண்ணீரும் இல்லை, தின்ன வாசனையும் இல்லை என்றால் விழுந்ததும் ஏறி வெளியே வந்துவிடும். கவனிக்காமல் விட்ட பொறி, வண்டை ஊரிலிருந்து அழைத்து வந்து நம் மரத்தில் விடுகிற வேலையைத்தான் செய்யும். இதை யாருக்குச் சொன்னாலும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்த பொறியை நானே செய்தேன். காலியான 10 லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியோடு பழைய சாமான் கடையில் 70 ரூபாய். பெயிண்ட் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்தேன். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டு, நாலு பக்கமும் நாலு சன்னல். ஒவ்வொன்றும் அகலம் 5 செ.மீ., உயரம் 2 செ.மீ. சூடு பண்ணின கம்பியால் ஓட்டை போட்டுக் கத்தியால் அறுத்தேன். வண்டு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம், குறுக்கே ஒரு செ.மீ. சுமார்தான் இருக்கும், எளிதாக நுழைந்துவிடும். சன்னலை இதைவிடப் பெரிதாக வெட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே அடிக்கிறது, ஓணானும் நுழைகிறது. வாளியின் பாதிக்குக் கீழே சன்னல் வரக் கூடாது, தண்ணீர் வைக்க இடம் வேண்டும்.

வாளிக்கு வெளியே சணல் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். இந்தச் சாக்குதான் கடையில் வாங்கின பொறியில் இல்லாமல் போனது. வண்டு பறந்து வந்து வாளியின் வெளிச்சுவரில் உட்கார்ந்து, மேலே ஏறித்தான் சன்னலைப் பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அதற்குக் கால் பிடிக்காது, சறுக்கிக் கீழே விழும். உள்பக்கம் வழவழப்பாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் விழுந்தது ஏறாது. வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு. நிறத்திலும் விஷயம் இருக்கிறது: வெள்ளை, மஞ்சளைவிடக் கறுப்பு, அடர்சிவப்பு வாளிகளில் அதிகம் விழுகிறது. சாக்கு நனைந்து கருத்துப் போனதும் அந்த வேலையும் முடிந்தது, தனியாகப் பெயிண்ட் அடிக்கவில்லை.

மூடியின் நடுவில் ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியில் லூரைத் தொங்கவிட்டேன். லூர் சன்னல் மட்டத்தில் இருக்க வேண்டும், தண்ணீரில் படக் கூடாது. லூர் ஒன்று 180 ரூபாய். மூன்று மாதம் போல வேலை செய்யும், வெயிலில் நேராக இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாற்றின தேதியை மூடியின் மேல் மார்க்கரால் எழுதுகிறேன். வாங்கி வைக்கிற லூரை ஃபிரிட்ஜில் வைக்க வீட்டில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது, இரண்டு கவர் போட்டுக் கட்டி வைத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

இனி வாளிக்குள் என்ன போடுவது என்பதைத்தான் அதிகம் மாற்றிப் பார்த்தேன். லூர் மட்டும் இருந்தால் வண்டு தோப்புக்குள் வரும், வாளிக்குள் வருவது குறைவு. தீனி வாசனை சேர்ந்தால்தான் கடைசி சில அடியைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரையில் மண்பானையில் இரண்டரை லிட்டர் கள், 5 மில்லி அசிட்டிக் அமிலம், 5 கிராம் ஈஸ்ட், நீளவாக்கில் பிளந்த பச்சை மட்டைத் துண்டு என்று இருக்கிறது. கள்ளுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அதே பரிந்துரையில் கள்ளுக்குப் பதில் கரும்பு ஆலைக் கழிவுப்பாகு, அன்னாசி, கரும்பு என்றும் இருப்பதால் அந்த வழியில் போனேன்.

முதலில் வெல்லத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். ஈயும் குளவியும் தேனீயும் நிறைய விழுந்தன, வண்டு கொஞ்சம்தான். தேனீ சாவது மனசுக்கு ஒப்பவில்லை, பாளைக்கு அவை வேண்டும். அதனால் வெல்லத்தைக் குறைத்துக் கரும்புத் துண்டும் அன்னாசித் தோலும் சேர்த்தேன். இதில் வண்டு கூடியது, தேனீ குறைந்தது. பச்சை மட்டையைச் சாண் நீளத்துக்கு வெட்டிப் பிளந்து இரண்டு துண்டு போட்டதும் இன்னும் கூடியது. இப்போது போடுகிற அளவு இது: தண்ணீர் ஒன்றரை லிட்டர், கணுவோடு நசுக்கின கரும்பு கால் கிலோ, அன்னாசித் தோலும் சக்கையும் இரண்டு கைப்பிடி, வெல்லம் 50 கிராம், பேக்கரியில் வாங்கின ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, மட்டைத் துண்டு இரண்டு. அன்னாசித் தோல் பழக்கடையில் சும்மாவே கிடைக்கிறது. கரும்பு கிடைக்காத மாதத்தில் ஜூஸ் கடைச் சக்கை எடுத்துக்கொள்வேன். அதில் சாறு குறைவு என்பதால் வெல்லத்தைக் கொஞ்சம் கூட்டுவேன்.

போட்ட மறுநாளே நுரை கட்டிப் புளிப்பு வாசம் கிளம்பும். முதல் வாரம் முழுக்க நன்றாக விழும். அதற்குப் பிறகு புளித்த வாசம் போய் அழுகின நாற்றம் வந்துவிடுகிறது, அதற்கு வண்டு வருவதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும், கோடையில் வாரம் ஒருமுறை. நடுவில் தண்ணீர் மட்டும் பார்த்து ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் வண்டு மிதக்காமல் அமிழ்ந்துவிடும். பூச்சிமருந்து எதுவும் போடவில்லை, ஆடு மாடு மேய்கிற இடம்.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்ற மது காய்ச்சுவதற்காக நீலக் கற்றாழையைக் காடு காடாக வளர்க்கிறார்கள். அதற்கும் ஒரு கூன்வண்டு இருக்கிறது, கறுப்பு. நம் சிவப்புக் கூன்வண்டுக்குப் பங்காளி முறை. அதுவும் உள்ளே புகுந்து கிழங்கைக் குடைகிறது, குடைந்த இடத்தில் அழுகல் நோய் சேர்ந்துகொள்கிறது. அங்கேயும் பொறியில் லூரோடு புளிக்கவைத்த கற்றாழைத் துண்டைப் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். எந்தச் செடியைத் தின்கிறதோ அந்தச் செடியின் புளித்த துண்டே அதற்கு நல்ல தீனி என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மட்டைத் துண்டு போடுவதை நான் விடாமல் செய்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில் மனிதர்களும் வந்துவிடுகிறார்கள். தோப்புக்குள் வைக்கக் கூடாது என்றதும் எல்லை வரப்பில் சவுக்குக் கம்பு நட்டேன். பக்கத்துத் தோப்புப் பெரியப்பா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன் வண்டையெல்லாம் என் பக்கம் திருப்பி விடுறியா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அவர் பக்கமும் அதே வயசுக் கன்றுகள். "இல்ல பெரியப்பா, வேற எடம் பாக்குறேன்" என்று பிடுங்கிவிட்டேன். கடைசியில் வாய்க்கால் கரையில், பூவரசு நிழலில், கஜாவுக்குத் தப்பின வயசான மரங்கள் இருக்கிற பக்கமாக நட்டோம். முற்றிய மரத்தில் வண்டு ஏறுவது குறைவு. இளங்கன்று வரிசைக்கும் பொறிக்கும் நடுவில் நல்ல இடைவெளி கிடைத்தது. நிழலில் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதில்லை, லூரும் நீடிக்கிறது. வாளியின் அடி தரையிலிருந்து மூன்றடி உயரம். தரையில் வைத்தால் ஆடு சாக்கைக் கடிக்கிறது, தலைக்கு மேலே வைத்தால் தண்ணீர் மாற்றச் சோம்பல் வந்துவிடும்.

எத்தனை பொறி? இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று என்பது பரிந்துரை. நாலு ஏக்கருக்கு ஒன்றே தாராளம். ஏக்கருக்கு ஒன்று என்று வாங்கி மாட்டியிருக்கிறவர்களைப் பார்க்கிறேன். அத்தனையையும் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவி மாற்ற ஆள் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒன்றை ஒழுங்காகப் பராமரிப்பதே மேல். நான் ஒன்றை வாய்க்கால் கரையில் வைத்தேன். இன்னொன்று செய்து பெரியப்பாவிடம் கொடுத்தேன், அவர் தோப்பின் மறுகோடியில், அவருடைய வயசான மரங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் மாற்றும்போது விழுந்ததை வடிகட்டிப் பார்ப்பேன். மூக்கின் மேல் பிரஷ் மாதிரி மயிர் இருந்தால் ஆண், வழவழவென்று இருந்தால் பெண். பழகிவிட்டால் கண்ணாடி இல்லாமலே தெரியும். பெரும்பாலும் ஆணைவிடப் பெண்ணே அதிகம் விழுகிறது, இரண்டு பங்கு என்றே சொல்லலாம். ஒரு பெண் வண்டு இருநூறு முட்டைக்கு மேல் இடக்கூடியது. வாளியில் ஆறேழு வண்டுதான் கிடக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு என்று சலித்துப்போகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. இப்போது இரண்டோ மூன்றோ கிடக்கிறது, சில தடவை காலியாகவும் இருக்கிறது.

இந்த முன்னேற்றம் பொறியால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். பொறி வைத்த அதே நேரத்தில் வேறு மூன்று வேலையும் செய்தோம். பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டுவதை நிறுத்தினோம். வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி தள்ளி. வெட்டுவாயில் வண்டு முட்டை வைத்தாலும் புழு தண்டுக்கு வந்து சேர்வதற்குள் மட்டை காய்ந்துவிடும். மரமேறுகிறவரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, ஒட்ட வெட்டினால்தான் தோப்பு பார்க்க அழகு என்று அவருக்கு ஒரு எண்ணம். இரண்டாவது, மேலே இருக்கிற மூன்று மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டுக்கு ஒன்று கலந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோம். மணல் மெல்லியதாக இருக்க வேண்டும், ஆற்று மணலைச் சலித்துத்தான் எடுத்தோம். இது காண்டாமிருக வண்டுக்கு. மூன்றாவது, அதே வண்டுக்கு ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்பானைகளில் வைத்தோம். நாற்றம் சகிக்காது, ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் வண்டு கிடக்கும். பழைய தண்டு கிடந்த மூலையையும் எருக்குழியையும் கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டோம். குருத்தில் ஓட்டை குறைந்தால்தான் சிவப்புக்கு வாசல் அடைபடும். இந்த இரண்டு வண்டையும் தனித்தனியாகப் பார்த்த வரைக்கும் எனக்கு எதுவும் பலிக்கவில்லை.

பொறியில் வண்டு விழுகிறது என்பதற்காக மரம் பார்ப்பதை விடக் கூடாது. மரத்துக்குள் இருக்கிற புழுவைப் பொறி ஒன்றும் செய்யாது. தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கசிவு, சவைத்த நார், நடு ஓலை மஞ்சள், இந்த மூன்றையும் கண்ணால் தேடிக்கொண்டே நடக்க வேண்டும்.

செலவு: வீட்டில் செய்த பொறி ஒன்றுக்கு வாளி 70, லூர் 180, கம்பி 20, சவுக்குக் கம்பு 60, மொத்தம் 330 ரூபாய். சாக்கு வீட்டில் இருந்தது. வருடத்துக்கு நாலு லூர் என்றால் 720 ரூபாய். கரும்பு, வெல்லம், ஈஸ்ட் எல்லாம் மாதம் நூறு ரூபாய்க்குள் அடங்குகிறது. ஒரு தென்னம்பிள்ளையைக் கன்று வைத்து ஆறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செலவோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய காசில்லை. தவறாமல் போய்ப் பார்க்கிற நேரம்தான் உண்மையான செலவு.

அடுத்த தடவை வாளியின் உள்பக்கம் ஒன்றரை லிட்டர் மட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிடுவேன். வேறு யாராவது தண்ணீர் ஊற்றும்போது எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்காது. சணல் சாக்கு மழையில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, அந்த இடத்தில் தேங்காய் நார் விரிப்பைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மூடி விளிம்பு இன்னும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டால் ஐப்பசி மழைக்கு நல்லது, பழைய தகரத்தை வெட்டி மேலே வைக்க வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு தோப்புக்காரர்களும் பொறி கேட்டிருக்கிறார்கள். பெயிண்ட் வாளி எடுத்து வைக்கச் சொல்லி இருக்கிறேன். லூரை எல்லோருக்கும் சேர்த்தே வாங்கி, ஒரே வாரத்தில் மாற்றுவதாகப் பேச்சு.